பாதிக் கடிகாரம்



டிராயிங் ஹாலில் மினி டிராஃப்டரோடு மல்லுக்கட்டும் நமக்கு, வரைபடம் என்றாலே மார்க் ஞாபகம்தான் வரும். மூளையில் பட்ட அடியைக்கூட ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் காட்டிக் கொடுத்துவிடும் என்பதை என் அப்பாவால்தான் தெரிந்துகொண்டேன்.

அப்பா கொத்தனார். நூல் பிடிக்காமலே "இந்தச் சுவரு கால் இஞ்ச் சாயுது" என்று சொல்லும் கண் அவருக்கு. போன வருடம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வீடு திரும்பிய பிறகு ஒரு விசித்திரம்! தட்டின் வலது பக்கத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு "இவ்வளவுதானா?" என்பார். வலது கன்னத்தில் மட்டும் சவரம். இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். "பிடிவாதம்" என்றார் அம்மா. நானும் ஒருநாள், "கண்ணு முன்னாடி இருக்கறது தெரியலையாப்பா?" என்று கத்திவிட்டேன்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு டாக்டரம்மா, "ஐயா, ஒரு கடிகாரம் போடுங்க" என்று தாளை நீட்டினார். அப்பா வட்டம் போட்டார். 12 முதல் 6 வரை எழுதினார். இடது பாதி வெறுமை. "சரியா இருக்கா?" என்றதற்கு, "சரியாத்தாம்மா இருக்கு" என்றார். அடுத்து ஒரு நீளக் கோடு. நடுவில் குறி வைக்கச் சொன்னார். வலது ஓரத்துக்குப் பக்கத்தில் போய் வைத்தார், சுவரின் சாய்வைக் கண்ணாலேயே அளந்த மனிதர்!

"இது பிடிவாதமும் இல்ல, கண் கோளாறும் இல்ல தம்பி. இடப்புறப் புறக்கணிப்பு" என்றார் டாக்டர்.

பெரும்பாலும் வலது மூளையில், குறிப்பாகப் பெரைட்டல் பகுதியில், அடிபட்டால் இது வருகிறது. இடது மூளை பெரும்பாலும் வலப்பக்கத்தையே கவனிக்கிறது. வலது மூளையோ இரண்டு பக்கத்தையும் கவனிக்கிறது. அதனால் வலது மூளை பழுதானால் ஈடுகட்ட ஆளில்லை என்பது பரவலான விளக்கம்.

சோதனைகள் இன்னும் உண்டு. பூவைப் பார்த்து வரையச் சொன்னால் வலது பக்க இதழ்கள் மட்டும் வரும். 1987-இல் இங்கிலாந்தில் வெளியான ஒரு சோதனைத் தொகுப்பில், பெரிய நட்சத்திரங்கள், எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் 54 சின்ன நட்சத்திரங்களை அடிக்க வேண்டும். எது விட்டுப்போனது, எந்தப் பக்கம் என்று எண்ணிச் சொல்லிவிடலாம். கடிகாரத்தை மட்டும் நம்பக்கூடாது. மறதி நோயிலும் கடிகாரம் கோணும். என் அப்பாவைப்போல் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்களுக்குக் கோடும் நட்சத்திரமும்தான் நியாயமான பரீட்சை.

இது கண்ணில் மட்டும் இல்லை, கற்பனையிலும் உண்டு! 1978-இல் இத்தாலியின் பிசியாக், லுட்சாத்தி இருவரும் மிலான் நகர நோயாளிகளிடம், தேவாலயத்தை நோக்கிச் சதுக்கத்தில் நிற்பதாக நினைத்துச் சுற்றியுள்ள கட்டடங்களைச் சொல்லச் சொன்னார்கள். வலப்பக்கமே பெரும்பாலும் வந்தது. தேவாலய வாசலில் நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பதாக நினைக்கச் சொன்னதும், முதலில் விட்டவை வந்தன. முதலில் சொன்னவை மறைந்தன.

ஜெர்மன் ஓவியர் அன்டோன் ரேடர்ஷைட் 1967-இல் பக்கவாதத்துக்குப் பின் தன் முகத்தையே வரைந்தார். முதலில் இடது பாதி ஏறக்குறைய காலி. வரைய வரையக் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பியது. பலருக்கு நாளடைவில் இப்படித் தேறுகிறது.

இப்போது அப்பா தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறோம். "சிவப்பைப் பாத்துட்டு ஆரம்பிங்கப்பா" என்பேன். போன வாரக் கடிகாரத்தில் 9 வரை வந்துவிட்டது. 10, 11 இன்னும் வரவில்லை. கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "நீ எந்தப் பக்கம் நின்னு கத்துனியோ, எனக்குக் கேக்கவே இல்லடா" என்று சிரித்தார்.

நண்பர்களே, உங்கள் வீட்டில் பக்கவாதம் வந்த பெரியவர் பாதித் தட்டை மிச்சம் வைத்தால் கோபப்படாதீர்கள். ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள்.

— மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு