பழைய சைட்கார் வாங்கப் போகிறீர்களா?

சிங்கப்பூர் டோபி காட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சாலை விளக்கு சிவப்பில் நின்றபோது என் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அதன் இடப்புறத்தில் தொட்டில் போல ஒரு சைட்கார். உள்ளே தலைக்கவசம் அணிந்த ஒரு பாட்டி, மடியில் பூக்கூடையோடு மகாராணி போல உட்கார்ந்திருந்தார். விளக்கு பச்சையானதும் வண்டி தேக்கா பக்கம் போய்விட்டது. எனக்கு உடனே என் அண்ணியின் நினைவு வந்தது.

அண்ணி ஜொகூரில் ஒரு தோட்டத்தில் நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். விடியற்காலை இருட்டில் மேடும் பள்ளமும் ஏறி இறங்கிய கால்கள் அவை. இப்போது சிங்கப்பூரில் மகனோடு இருக்கிறார். முட்டி இரண்டும் ஓய்ந்துவிட்டன. மோட்டார் சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டு உட்கார முடியாது. பஸ்ஸில் ஏற இன்னொருவர் கை வேண்டும். வாரம் ஒரு முறை சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போக வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை.

"சித்தப்பா, பழைய சைட்கார் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா?" என்று கேட்டான் மகன். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

மூன்று சக்கரத்தின் முன்கதை

டோபி காட் என்ற பெயரே உழைப்பாளிகள் விட்டுப்போன பெயர். முன்னாளில் இங்கே ஓடிய ஓடையில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்துப் பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். இன்று அந்த இடத்துக்கு அடியில் ரயில் நிலையம். 1987-இல் திறந்தது.

கை ரிக்‌ஷா சிங்கப்பூருக்கு வந்தது 1880-இல். மனிதனை மனிதன் இழுக்கும் அந்த வண்டி 1947-இல் நிறுத்தப்பட்டது. ஜப்பானியர் ஆட்சியில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது மிதி ரிக்‌ஷா பெருகியது. பினாங்கில் பயணி முன்னால் உட்காருவார். சிங்கப்பூரிலோ பக்கத்தில் உட்காருவார். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு சைட்கார்தான்!

இத்தாலியில் பியாஜியோ கம்பெனி 1946-இல் வெஸ்பா ஸ்கூட்டரையும், பிறகு அதிலிருந்து 'ஆப்பே' என்ற மூன்று சக்கர வண்டியையும் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் ஓடும் ஆட்டோவுக்கு அது மூத்த உறவு.

முதலில் தாளைப் பாருங்கள்

வண்டியின் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். பெயிண்ட் பொய் சொல்லும். தாள் பொய் சொல்லாது.

சிங்கப்பூரில் 1990 முதல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை இருக்கிறது. சி.ஓ.இ. என்பார்கள். அதன் ஆயுள் பத்தாண்டு. பழைய வண்டி வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது மிச்சமுள்ள ஆண்டுகளைத்தான். அது தீர்ந்தால் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அல்லது பதிவை ரத்து செய்ய வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30-க்குப் பிறகு சிங்கப்பூர்ச் சாலையில் ஓட முடியாது. புகை மாசைக் குறைக்க வந்த விதி இது. (பழைமை வாகனத் திட்டங்களில் பதிவானவற்றுக்கு விதி வேறு.) ஆகவே மிக மலிவாக ஒரு பழைய வெஸ்பா கிடைத்தால், ஏன் மலிவு என்று முதலில் கேளுங்கள்.

மூன்றாவது, சைட்கார் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியோடு பூட்டப்பட்டதா என்று பாருங்கள். பதிவு விவரத்தை உரிமையாளர் உங்கள் முன் திறந்து காட்டட்டும். அனுமதி இல்லாத சைட்காரோடு விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். மலேசியாவிலும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது. "பட்டறையில் நாமே பூட்டிக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பிறகு இரும்பைப் பாருங்கள்

சைட்காரை வண்டியோடு பிணைக்கும் கம்பிகளும் அவற்றின் ஒட்டும்தான் உயிர்நாடி. ஒரு துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்டில் மயிரிழை போல வெடிப்பும் துருவும் தெரிந்தால் விலகிவிடுங்கள். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்கள் நேராகப் பொருத்தப்படவில்லை என்று அர்த்தம். கிளட்சும் பிரேக்கும் தனி வண்டியைவிடச் சீக்கிரம் தேயும். பாரம் கூடுதல் அல்லவா?

ஓட்டுவது வேறு வித்தை

இருபது வருடம் மோட்டார் சைக்கிள் ஓட்டியவரும் சைட்காரில் முதல் நாள் குழந்தைதான். இந்த வண்டி வளைவில் சாயாது. கைப்பிடியைத் திருப்பித்தான் ஓட்ட வேண்டும். சைட்கார் இடப்புறம் இருந்தால், வேகம் கூட்டும்போது வண்டி இடப்பக்கம் இழுக்கும். பிரேக் பிடிக்கும்போது வலப்பக்கம் இழுக்கும்.

எல்லாவற்றையும்விட ஆபத்து இடப்புற வளைவு. வேகமாகத் திரும்பினால் சைட்கார் சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஆள் இல்லாமல் காலியாக இருக்கும்போது இன்னும் எளிதில் எழும்பும். ஆகவே பழகும்போது சைட்காரில் ஒரு மணல் மூட்டையை வைத்துக் கட்டுங்கள். காலியான மைதானத்தில் அனுமதியோடு பழகுங்கள். கை பழகிய பிறகே அம்மாவை ஏற்றுங்கள். உட்காருகிறவருக்கும் தலைக்கவசம் வேண்டும்.

பராமரிப்பு

வாரம் ஒரு முறை மூன்று டயரின் காற்றையும் பார்க்க வேண்டும். பிணைப்புத் திருகாணிகளை முடுக்கிப் பார்க்க வேண்டும். அதிர்வு அவற்றை மெல்ல மெல்லத் தளர்த்தும். பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியானால் பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டும். பல வெஸ்பாக்களுக்கு இது நூற்றுக்கு இரண்டு பங்கு. குறைந்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்; கூடினால் புகையும், ஸ்பார்க் பிளக் கறுத்துப்போகும். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்குச் சிங்கப்பூரில் ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

அண்ணி என்ன சொன்னார்?

அந்த மலிவு வண்டியைப் போய்ப் பார்த்தோம். 2003-க்கு முந்திய பதிவு. சைட்காருக்கு அனுமதித் தாளும் இல்லை. மகனுக்கு முகம் வாடிவிட்டது. "இந்த விலைக்கு இனி கிடைக்காது சித்தப்பா" என்றான். முன்பணம் கொடுக்கப் பையில் கையை விட்டவனை அண்ணிதான் தடுத்தார்.

"கோயிலுக்குப் போகத்தானே ஐயா வண்டி? பயந்துகொண்டே போவதற்கா?" என்றார்.

நான்கு மாதம் தேடினான். பிறகு வேறொரு வண்டி கிடைத்தது. நான்கு ஸ்ட்ரோக் ஸ்கூட்டர், அனுமதி பெற்ற சைட்கார், சி.ஓ.இ. இன்னும் ஆறு ஆண்டு மிச்சம். விலை கொஞ்சம் கூடுதல்தான். ஒரு மாதம் மணல் மூட்டையை ஏற்றிப் பழகினான்.

போன வெள்ளிக்கிழமை அண்ணி முதன்முறை ஏறினார். சைட்காரில் ஏற ஒரு சின்ன மரப்படி செய்து வைத்திருந்தான். டோபி காட் கடந்து சிலிகி சாலை வழியாகத் தேக்காவுக்குப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் எனக்குப் போன் செய்தார்.

"எப்படி இருந்தது அண்ணி?" என்றேன்.

"இத்தனை வருடம் நான் வாளியைச் சுமந்தேன். இன்றைக்கு என் மகன் என்னைச் சுமந்தான், தம்பி" என்றார்.