குழுக் கடிதங்கள் ஏன் திரும்புகின்றன?



கீழ்பென்னாத்தூருக்கு வரும் தபால் கவரின் மூலையில் அனுப்புநர் என்று யார் பெயரையும் எழுதிவிடலாம். தபால்காரர் அதைச் சோதிப்பதில்லை. ஈமெயிலும் ஆரம்பத்தில் அப்படியே ஏற்படுத்தப்பட்டது. ஆகவேதான் சிநேகிதரின் விலாசத்திலிருந்து வந்ததுபோலவே பணம் கேட்டுக் கடிதம் வருகிறது. அவரோ ஒன்றும் அறியார்.

இதைத் தடுக்க இரண்டு சோதனைகள் வந்தன. எஸ்.பி.எஃப். என்பது, தன் பெயரில் எந்தக் கணினிகள் கடிதம் அனுப்பலாம் என்று ஒரு நிறுவனம் அறிவித்துவைக்கும் பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது அரக்கு முத்திரை போன்றது. முத்திரையிட்ட பகுதியில் ஒரு வார்த்தை மாறினாலும் உடைந்துவிடும். தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில் பவுல் தம் கையெழுத்தையே அடையாளமாக வைத்தாரே, அதுபோல. அனுப்புநர் விலாசத்துக்குப் பொருந்த இவ்விரண்டில் ஒன்றாவது தேறாவிட்டால் கடிதத்தை விட்டுவிடுவதா, ஒதுக்கிவைப்பதா, ஏற்க மறுப்பதா என்று சொல்லும் கட்டளையே டிமார்க்.

மின்தமிழ் போன்ற மடலாடற்குழுக்களுக்கு இங்கேதான் சங்கடம். ஒருவர் குழுவுக்கு எழுதினால், குழுவின் கணினி அதை எல்லாருக்கும் அனுப்புகிறது. அனுப்புவது ஒரு கணினி, அனுப்புநராக நிற்பதோ வேறு விலாசம். முதல் சோதனை உதவாது. தலைப்பில் குழுவின் பெயரையும் அடியில் ஒரு குறிப்பையும் சேர்த்தால் முத்திரையும் உடையும். யாரும் வஞ்சனை செய்யவில்லை. ஆனாலும் கடிதம் கள்ளக் கடிதமாகவே தோன்றுகிறது.

2014 ஏப்ரலில் யாகூ தன் விலாசங்களுக்கு "ஏற்க வேண்டாம்" என்று கட்டளையிட்டது. அதே மாதம் ஏ.ஓ.எல். நிறுவனமும் பின்பற்றியது. யாகூ அங்கத்தினர் குழுவுக்கு எழுதியதை ஜிமெயில் திருப்பியனுப்பியது. எங்களுக்கு வருத்தமாய்த் தோன்றுவது அடுத்து நடந்ததுதான். திரும்பியவற்றை எண்ணிய குழுக் கணினிகள், எழுதியவரை அல்ல, பெறவேண்டியவர்களையே "செல்லாத விலாசம்" என்று நிறுத்திவைத்தன. ஒன்றும் எழுதாமல் படித்துக்கொண்டிருந்தவர் வெளியே!

பிற்பாடு மெயில்மேன் என்னும் குழு மென்பொருளும் கூகுள் குழுமமும் அனுப்புநர் இடத்தில் குழுவின் விலாசத்தையே போட வழிசெய்தன. கடிதம் சேர்கிறது. ஆனால் ஒருவருக்கென்று எழுதும் பதில் சிலவேளை எல்லாருக்கும் போய்விடுகிறது, எச்சரிக்கை!

2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5000-க்கு மேல் ஜிமெயிலுக்குக் கடிதம் அனுப்புவோர் டிமார்க் அறிவிப்பு வைத்தே தீரவேண்டும். உங்களுக்கு வழக்கமாக வரும் குழுக் கடிதம் நின்றிருந்தால், முதலில் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். அங்கும் இல்லையானால், உங்கள் பெயர் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதா என்று குழுவை நடத்துகிறவரிடம் கேளுங்கள்.