ஃபார்மட் போடுவதற்கு முன்

வீட்டில் இன்டர்நெட் இருக்கிறது. செல்போனில் வாட்ஸ்அப் வருகிறது, டிவியில் யூடியூப் ஓடுகிறது. கம்ப்யூட்டரில் மட்டும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று எச்சரிக்கை வருகிறது. வங்கியாக இருந்தாலும் சரி, ரயில் முன்பதிவாக இருந்தாலும் சரி, அதே வாசகம். வைரஸ் என்கிறார் ஒருவர். ரவுட்டர் போய்விட்டது என்கிறார் இன்னொருவர். சர்வீஸ் கடையில் கொண்டுபோய் வைத்தால், “விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கும் சார், ஃபார்மட் போட்டுரலாம்” என்ற பதில் தயாராக இருக்கும். திரையின் வலது கீழ் மூலையில் தேதி 2015 ஜனவரி 1 என்று காட்டிக்கொண்டிருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

விடை அந்தத் தேதியில்தான் இருக்கிறது. மதர்போர்டில் சிஆர்2032 என்ற பட்டன் செல் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கம்ப்யூட்டரின் கடிகாரம் ஓடுவது இந்தச் செல்லின் தயவால்தான். கடிகாரத்துக்கு ஆதாரமான குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் 1 வரும். அப்படிப் பாதி பாதியாகக் குறைக்கும் எளிய மின்சுற்றுதான் விநாடிக்கு ஒரு துடிப்பைத் தருகிறது. செல் தீர்ந்துவிட்டால், மெயின் ஸ்விட்சை அணைத்ததும் கடிகாரம் நின்றுவிடும். மறுபடி போடும்போது, தயாரிப்பாளர் பயாஸில் (மதர்போர்டின் தொடக்க நிரலில்) எழுதிவைத்த தொடக்கத் தேதியிலிருந்து ஓட ஆரம்பிக்கும்.

தேதி தவறினால் வங்கித் தளம் ஏன் திறக்கக் கூடாது? பாதுகாப்பான ஒவ்வொரு தளமும் ஒரு டிஜிட்டல் சான்றிதழை நீட்டுகிறது. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். பிரவுசர் அதைச் சரிபார்ப்பது நம் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை வைத்துத்தான். 2015இல் நின்றுகொண்டு பார்த்தால் இன்றைய சான்றிதழ் எதுவும் இன்னும் நடப்புக்கே வரவில்லை. ஆகவே பிரவுசர் சந்தேகப்படுகிறது, தடுக்கிறது. அது தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. இணையத்திலிருந்து நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் வசதி விண்டோஸில் உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் வழக்கமான அமைப்பின்படி வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அது கைவைக்காது. நாம்தான் தேதியை மாற்ற வேண்டும், செல்லையும் மாற்ற வேண்டும். வாட்ச் கடையில்கூடக் கிடைக்கிற செல் அது. அதை விட்டுவிட்டு ஃபார்மட் போட்டால், அடுத்த மின்தடையில் தேதி மறுபடி பின்னால் போய்விடும்.

விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கு இதன் தம்பி போல இன்னொரு கோளாறு வரும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் நேரம் சரியாக ஐந்தரை மணி பின்தங்கியிருக்கும். மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது; உலகப் பொதுநேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. இந்திய நேரத்துக்கும் பொதுநேரத்துக்கும் உள்ள தூரம் அந்த ஐந்தரை மணி. தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. கடிகாரம் ஏன் இப்படித் தாவுகிறது என்று அப்போது குழம்பிய பிள்ளைகளுக்கான விளக்கம் இதுதான்.

இந்த இரண்டு உதாரணங்களையும் முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் கோளாறு கண்ணில் படுகிற இடமும் அது பிறக்கிற இடமும் பெரும்பாலும் வேறு வேறு. செல்லில் பிறந்தது பிரவுசரில் தெரிந்தது. இடையில் மதர்போர்டு, பயாஸ், இயங்குதளம் என்று எத்தனையோ அடுக்குகள். எந்த அடுக்கில் பிசகு என்று தேடாமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது நோயைப் பார்க்காமல் மருந்து கொடுப்பதுதான். அதற்கு நாம் கொடுக்கும் விலை, பல வீடுகளில், பத்து வருடப் புகைப்படங்கள்.

அதிகம் கேட்கிற புகார் ‘சிஸ்டம் ரொம்ப ஸ்லோ’ என்பது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் டிஸ்க் என்ற தலைப்பின் கீழ் 100 சதவீதம் என்று சிவந்துபோய் நிற்கும். உடனே ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒரு கட்டம் தள்ளி மெமரி என்ற தலைப்பைப் பாருங்கள். அங்கேயும் 90ஐத் தாண்டியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேமை.

4 ஜிபி ரேம் உள்ள கணினியில் பிரவுசரில் இருபது டேப், பின்னணியில் ஆன்டிவைரஸ், அப்டேட் என்று எல்லாம் ஓடினால் இடம் போதாது. அப்போது இயங்குதளம் இப்போதைக்குத் தேவைப்படாத நினைவகப் பக்கங்களை டிஸ்கில் ‘பேஜ்ஃபைல்’ என்ற கோப்பில் எழுதிவைத்துவிட்டு, கேட்கும்போது திரும்ப எடுத்துவரும். படிக்கிற மேசை சிறியது, புத்தகங்கள் பரணில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏணி ஏற வேண்டும். ஏணி எவ்வளவு உயரம் என்பதுதான் விஷயம். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோ விநாடி ஆகும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றை முடிக்கவே 8 மில்லி விநாடிக்கு மேல் எடுக்கிறது. முனை நகர்ந்து சரியான தடத்துக்கு வருகிற நேரத்தையும் சேர்த்தால் 10 மில்லி விநாடிக்குப் பக்கத்தில் வரும். அதாவது ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு தாமதம்.

போதாத நினைவகத்தை டிஸ்கைக் கொண்டு பெரிதாக்கிக் காட்டும் இந்த உத்தி, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் வந்தது. அங்கே டிஸ்குக்குப் பதில் காந்த உருளை. அந்த உத்தி எல்லை மீறும்போது என்ன ஆகும் என்பதை அமெரிக்கக் கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் 1968இல் விளக்கினார்: பக்கங்களை எடுத்துவைப்பதிலும் கொண்டுவருவதிலுமே கணினியின் முழு நேரமும் போய்விடும், உண்மையான வேலை நடக்காது. அவர் அன்று விவரித்ததைத்தான் இன்றும் நம் வீட்டு டாஸ்க் மேனேஜர் அந்த 100 சதவீதமாகக் காட்டுகிறது.

இங்கே ஃபார்மட் போட்டால் சில நாள் வேகமாக இருப்பது போலத் தோன்றும். தானாகத் தொடங்கும் மென்பொருள்கள் எல்லாம் அழிந்துபோயிருப்பதால் வருகிற வேகம் அது. அதை ஃபார்மட் இல்லாமலே பெறலாம். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைத் திறந்தால் பிரின்டருக்கான உதவி நிரல், எப்போதோ ஏற்றிய சாட் மென்பொருள், மூன்று விதமான அப்டேட்டர்கள் வரிசையாக நிற்கும். தேவையில்லாததை டிஸேபிள் செய்யலாம். அதன் பிறகும் போதவில்லை என்றால் ரேமைக் கூட்டுவதும் ஹார்ட் டிஸ்கை எஸ்எஸ்டியாக மாற்றுவதும்தான் நிஜமான தீர்வு. எஸ்எஸ்டியில் சுழலவோ நகரவோ எதுவும் இல்லாததால் ஏணி வெகுவாகக் குட்டையாகிவிடும். ‘உங்கள் கம்ப்யூட்டரில் 1,300 பிழைகள்’ என்று மிரட்டி, ஒரே கிளிக்கில் வேகமாக்குகிறேன் என்று வரும் கிளீனர் மென்பொருள்களை வீட்டுக்குள் விடாதீர்கள். ரெஜிஸ்ட்ரியைத் துடைக்கும் இத்தகைய மென்பொருள்களுக்குத் தன் ஆதரவு இல்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது.

‘ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரு’ என்பது கை வைத்தியம் போலத் தெரிந்தாலும் அதற்கு அறிவியல் அடிப்படை உண்டு. ஒரு நிரல் நினைவகத்தைக் கேட்டு வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்க மறந்தால் அந்த இடம் வீணாகிக்கொண்டே போகும். எண்ணிக்கைகள் நிரம்பி வழிவதும் உண்டு. விண்டோஸ் 95, 98 இரண்டும் இயங்கத் தொடங்கியதிலிருந்து கழிந்த நேரத்தை மில்லி விநாடியில், 32 பிட் எண்ணாக வைத்திருந்தன. அதில் அடங்குவது சுமார் 429 கோடி. 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் எண் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும், கணினி உறைந்துபோகும். மறுதொடக்கம் இந்தக் கணக்குகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவைக்கிறது.

ஆனால் 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஒரு மாற்றம் நடந்திருக்கிறது, பலருக்கு அது இன்னும் தெரியாது. ‘ஷட் டவுன்’ கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்பதற்காக இயங்குதளத்தின் உட்கருவையும் வன்பொருள்களை இயக்கும் டிரைவர்களின் நிலையையும் அப்படியே டிஸ்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கப் போகிறது. மறுநாள் காலையில் நேற்றைய உட்கரு நேற்றைய கோளாறோடு எழுந்து வருகிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். சந்தேகம் இருந்தால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு என்று போய் ‘அப் டைம்’ என்ற எண்ணைப் பாருங்கள். தினமும் இரவில் அணைக்கிற கணினியிலும் அது பல நாள்களாகத் தொடர்ந்து ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டக்கூடும். வைஃபை எடுக்கவில்லை, பிரின்டர் தெரியவில்லை, சத்தம் வரவில்லை என்றால் முதலில் ரீஸ்டார்ட். அணைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன்.

நீலத் திரை வந்தால் நெஞ்சு பதறுவது இயல்பு. உட்கருவில் நம்ப முடியாத ஏதோ நடந்துவிட்டது, இனியும் ஓடினால் தவறான தரவை டிஸ்கில் எழுதிவிடக்கூடும் என்று தெரிந்ததும் விண்டோஸ் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. அது ஒரு தற்காப்பு. அந்தத் திரையின் அடியில் இருக்கும் ஸ்டாப் கோடைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேடலுக்கு அதுதான் நுனி. அடிக்கடி குற்றவாளியாக இருப்பவை டிரைவர்கள். உட்கருவின் முழு அதிகாரத்தோடு ஓடுவதால் அவை தடுக்கினால் மொத்த வீடும் சரிகிறது.

2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது அதைத்தான். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி, 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரைக்குப் போயின. விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதினார்கள். நிரல் 20 தகவல்களைக் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் புதிய கோப்பு 21ஆவதைத் தேடியது. இல்லாத இடத்தைப் படிக்கப்போய் உட்கரு நின்றது. பழுது பார்த்தவர்கள் பெரும்பாலும் செய்தது என்ன? சேஃப் மோடில் கணினியைத் தொடங்கினார்கள், பழுதான அந்தக் கோப்பை அழித்தார்கள், ரீஸ்டார்ட் செய்தார்கள்.

சேஃப் மோடு வீட்டிலும் அதே போல் உதவும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் ட்ரபிள்ஷூட் பக்கம் வரும். அதிலிருந்து அங்கே போகலாம். அத்தியாவசியமான டிரைவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு தொடங்கும் நிலை அது. அங்கே கோளாறு இல்லை என்றால், ஏற்றாமல் விட்டவற்றில்தான் அது ஒளிந்திருக்கிறது: புதிதாகப் போட்ட கிராஃபிக்ஸ் டிரைவரோ, இரண்டாவது ஆன்டிவைரஸோ. அங்கேயும் இருக்கிறதென்றால் ரேம், டிஸ்க், சூடு பக்கம் திரும்ப வேண்டும். ஒரே சோதனையில் தேட வேண்டிய பரப்பு பாதியாகிவிடுகிறது.

டிஸ்க் சாகும்போதுதான் ஃபார்மட் உண்மையிலேயே ஆபத்தாகிறது. கோப்புகள் திறக்கத் தாமதம், உள்ளிருந்து ‘டிக் டிக்’ என்ற ஒலி, காப்பி செய்யும்போது பாதியில் நிற்பது ஆகியவை அடையாளங்கள். ஒவ்வொரு டிஸ்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கிறது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைப் படித்துச் சொல்லும். அதில் எச்சரிக்கை வந்தால் வேறு எந்த வேலையும் வேண்டாம், கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுப்பதுதான் முதல் வேலை. சுழலும் ஹார்ட் டிஸ்கில் குவிக் ஃபார்மட் போட்டால் அழிவது கோப்புகளின் பட்டியல்தான். மேலே எதுவும் எழுதப்படாத வரை மீட்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் அப்படி இல்லை. ஃபார்மட் செய்யும்போதே ‘இந்த இடங்கள் இனி வேண்டாம்’ என்ற கட்டளை டிஸ்குக்குப் போகிறது, அது உள்ளிருப்பதைக் கழுவிவிடுகிறது. பிறகு எந்த மீட்பு மென்பொருளுக்கும் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது.

வைரஸ் ஆழமாகப் புகுந்திருந்தால், கணினியை வேறொருவருக்குக் கொடுப்பதாக இருந்தால் ஃபார்மட் நியாயமானது. அப்போதும் கடைக்காரர் “டி டிரைவ்ல இருக்கிறது எதுவும் போகாது சார்” என்று சொன்னதும் நிம்மதியாகிவிடாதீர்கள். டெஸ்க்டாப்பில் தெரிகிறவை, டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் வழக்கமாக இருப்பது சி டிரைவில். அந்த நான்கும் வெளி டிஸ்கில் ஏறியிருக்கின்றனவா என்று உங்கள் கண்ணால் திறந்து பார்த்த பிறகு சம்மதம் சொல்லுங்கள்.