நத்தை ஓட்டில் குடித்தனம்: மாடியில் யாரை வைப்பது?

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் நான் உட்காரும் இடம் ஹாலில் உள்ள மூன்றடி மீன்தொட்டியின் முன்தான். நான்கு மணி நேரம் பேசிக் களைத்த வாய்க்கு, பேசாத இவர்களின் முன்னால் கொஞ்சம் ஓய்வு. தொட்டியின் அடியில் மெல்லிய மணல், மணல் முழுக்க நத்தை ஓடுகள், ஓட்டுக்கு ஓடு எட்டிப் பார்க்கும் கோடு போட்ட குட்டி மீன்கள். மேலே முக்கால் தொட்டி வெறும் தண்ணீர்.

முதன்முதலில் அதைப் பார்த்த அப்பா கேட்டார்: “ஏம்மா, இவ்வளவு பெரிய தொட்டி வாங்கி கீழ் வீட்டுல மட்டும் ஆள் வெச்சிருக்க. மேல் மாடிய வாடகைக்கு விடலாமே?”

அந்தக் கேள்வியில் தொடங்கியதுதான் என் தவறு.

இந்த மீன்களை ‘மல்ட்டி’ என்பார்கள். முழுப்பெயர் நியோலாம்ப்ரோலோகஸ் மல்ட்டிஃபாசியாட்டஸ். ஆண் 4, 5 சென்டிமீட்டர்தான், பெண் அதைவிடச் சிறியது. சிக்லிட் குடும்பத்திலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று. ஊர், ஆப்பிரிக்காவின் தாங்கனிக்கா ஏரி. தான்சானியா, கொங்கோ, புருண்டி, சாம்பியா ஆகிய நான்கு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ளும் அந்த ஏரியின் ஆழம் சுமார் 1,470 மீட்டர். அதன் தண்ணீர் காரத்தன்மை கொண்டது, சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. அதனால் செத்த நத்தைகளின் ஓடு சீக்கிரம் கரையாமல் அடியில் குவிந்து கிடக்கிறது. மல்ட்டிகள் அந்த ஓடுகளைச் சுற்றி மணலைத் தோண்டி, உள்ளேயே முட்டையிட்டு, தலைமுறை தலைமுறையாகக் கூட்டுக் குடும்பமாக வாழ்கின்றன.

நான் வைத்திருப்பது ஏரி ஓடு அல்ல. நம் வயல்களில் நெற்பயிரை நாசமாக்கும் சிப்புட் கோண்டாங் நத்தையின் காலி ஓடுகள். நன்றாக வேகவைத்து, பல நாள் ஊறவைத்துக் கழுவிய பிறகே தொட்டியில் போட்டேன். ஒரு மீனுக்கு இரண்டு ஓடாவது வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுச் சண்டை. நம் குழாய்த் தண்ணீர் இவற்றுக்கு மென்மை அதிகம். ஆன்டி குளோரின் ஊற்றினால் மட்டும் போதாது. ஃபில்டரில் உடைத்த பவளம் போட்டு, பிஎச் 8-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு மாலை அப்பாதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் கண்டுபிடித்தார். ஓட்டு வாசலில், அரை அரிசி அளவில், குஞ்சுகள். அவர் பதினேழு என்று எண்ணினார், நான் பதினான்கு.

அந்தச் சந்தோஷத்தில் ‘மாடி’க்கு ஆள் தேடி மீன்கடைக்குப் போனேன். இரண்டு குட்டிக் கால்வஸ். கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், தட்டையான மேனி, நீண்ட மூக்கு. இதுவும் தாங்கனிக்காதான், அதே தண்ணீர்தான். “சண்டை போடுமா அங்கிள்?” என்றேன். “தக் லா, பாய்க் பாய்க்” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. கால்வஸ் யாரோடும் சண்டை போடவில்லை. பெரிய மல்ட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று வாரத்தில் குஞ்சுகள் மட்டும் காணாமல் போயின. அந்தத் தட்டையான உடம்பு எதற்கு என்று அப்புறம்தான் உறைத்தது. பாறை இடுக்கில் மூக்கை நுழைத்து இறாலையும் குஞ்சையும் பொறுக்கித் தின்பதற்காகவே அமைந்த உடம்பு அது! இரண்டையும் பிடிக்க எல்லா ஓடுகளையும் எடுக்க வேண்டியதாயிற்று. அரை நாள் வேலை. மல்ட்டிகள் மறுபடி குடும்பம் நடத்த ஒரு மாதம் பிடித்தது.

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: “குஞ்சை விட்டுவைக்குமா?”

இந்தக் கேள்வியோடு பார்த்தால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். நியோன் டெட்ரா மென்மையான, அமிலத் தண்ணீருக்குப் பிறந்தது. அதை விட்டுவிடுங்கள். சிக்லிட் என்ற பெயரை மட்டும் நம்பவும் வேண்டாம், நம் நாட்டில் ஒரு காலத்தில் வெறியாகவே இருந்த ஃபிளவர்ஹார்னும் சிக்லிட்தான். மலாவி ஏரியின் கலர் கலரான பாறை மீன்களுக்கு மல்ட்டி ஒரு வாய்க்குக்கூடக் காணாது. சினடாண்டிஸ் கெளிறு அழகு, ஆனால் இரவில் மோப்பம் பிடித்து அலையும். குஞ்சு தூங்கும் நேரம் அதற்கு வேலை நேரம்.

ஓட்டில் வாழும் இன்னோர் இனத்தைச் சேர்க்கலாமே என்று தோன்றும். ஒசிலேட்டஸ் மல்ட்டியைவிடப் பெரியது, கோபக்காரன். சின்னத் தொட்டியில் மணல் முழுவதையும் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளும். சிமிலிஸ் சாது, ஆனால் மல்ட்டியோடு கலந்துவிடும். பிறக்கும் குஞ்சு எந்த இனம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. கோடுகள் தலைவரை ஏறியிருந்தால் சிமிலிஸ் என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலி என்னும் ஜூலிடோக்ரோமிஸ் ஜோடியை ஒரு மூலையில் பாறை அடுக்கி வைக்கிறவர்கள் உண்டு. நடுவில் வெறும் மணல் இடைவெளி இருந்தால் ஓரளவு ஒத்துப்போகும். எல்லை தாண்டும் குஞ்சு மட்டும் திரும்பாது. எனக்கு அதற்கு மனம் வரவில்லை.

மாடிக்கு உண்மையாகப் பொருந்துவது சைப்ரிக்ரோமிஸ். அதே ஏரியில் நடுநீரில் கூட்டமாக மிதந்து, தண்ணீரில் வருகிற இரையைத் தின்பது. மணலில் அதற்கு வேலையே இல்லை, மல்ட்டிக் குஞ்சும் ஓட்டை விட்டு மேலே போகாது. ஆனால் பத்துப் பேராவது கூட்டமாக வேண்டும், நாலடிக்குக் குறைந்த தொட்டியில் நெரிசல். தாவும் மீன் என்பதால் மூடி கட்டாயம். இரண்டடித் தொட்டி என்றால், என்னைக் கேட்டால், மாடி காலியாகவே இருக்கட்டும்.

என் மூன்றடியிலும் இப்போது மல்ட்டி மட்டும்தான். மூன்று அளவில் குஞ்சுகள் திரிகின்றன. நாலடித் தொட்டிக்கு ஹாலில் இடம் அளந்து பார்த்துவிட்டேன். அப்பா உட்கார்ந்து எண்ணும் நாற்காலியைத்தான் நகர்த்த வேண்டும். அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.