‘ஒத்தக்கண்’ ஆர்15 அழகா? அந்த விலை நியாயமா? பைக் கேட்கும் மகன்களும், கணக்கு பார்க்கும் அப்பாக்களும்

சங்கரன்கோவில்:

சங்கரன்கோவில் பஸ் நிலையம் பக்கம் சாயங்கால நேரம் நாலு வாலிபர்கள் டீ கிளாசோடு நின்றால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் பைக்கில் வந்து நிற்கிறது. அதிலும் யமஹா ஆர்15 என்றால் சண்டையே வந்து விடும். ‘பழைய ரெட்டைக்கண் வண்டிதாம்லே கெத்து’ என்று ஒரு கோஷ்டி. ‘போலே, புது ஒத்தக்கண் வண்டி முன்னால அதெல்லாம் நிக்குமா’ என்று இன்னொரு கோஷ்டி.

வீட்டில் நடக்கும் சண்டை வேறு மாதிரி. ‘எப்பா, எனக்கு ஆர்15 தான் வேணும்’ என்று மகன் நிற்பான். ‘ஏலே, அந்த ரூவாய்க்கு வீட்டுக்கு கூரையே மாத்திரலாம்லே’ என்பார் அப்பா. விசைத்தறி, பூ மார்க்கெட் என்று உழைத்து பிழைக்கும் ஊரில் இது சின்ன விஷயம் அல்ல. ஒரு குடும்பத்தின் 3 வருட வருமானத்தில் கை வைக்கும் விஷயம். எனவே அழகு, விலை இரண்டையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

வண்டி வந்த கதை

ஆர்15 முதன்முதலில் இந்தியாவுக்கு வந்தது 2008-ம் ஆண்டு. 150 சி.சி. வண்டியில் தண்ணீர் கூலிங் என்ஜின் என்றதும் அப்போதே பரபரப்பு. விலை 1 லட்சத்துக்கு கொஞ்சம் கீழே இருந்தது. 2011-ல் 2-வது வடிவம் வந்தது. விலை சுமார் 1.07 லட்சம். 2018 பிப்ரவரியில் டெல்லி வாகன கண்காட்சியில் 3-வது வடிவம் 1.25 லட்சத்துக்கு வெளியானது. என்ஜின் 155 சி.சி. ஆனது.

2021 செப்டம்பர் 21-ந்தேதி 4-வது வடிவம் வந்தது. ஆரம்ப விலை 1 லட்சத்து 67 ஆயிரத்து 800 ரூபாய். நீல நிற வண்டி 1 லட்சத்து 72 ஆயிரத்து 800. ‘ஆர்15 எம்’ என்ற வண்டி 1 லட்சத்து 77 ஆயிரத்து 800. எல்லாம் டெல்லி ஷோரூம் விலை.

அழகு பற்றிய சண்டை

3-வது வடிவத்தில் முகத்தில் 2 ஹெட்லைட். 4-வது வடிவத்தில் அதை எடுத்து விட்டார்கள். நடுவில் ஒரே ஒரு உருண்டை லைட். 2 பக்கமும் புருவம் மாதிரி சின்ன லைட். யமஹாவின் பெரிய வண்டியான ஆர்7 போலவே இருக்க வேண்டும் என்று செய்த மாற்றம் இது. பெரிய வண்டி ஜாடை வந்து விட்டது என்று சிலருக்கு சந்தோஷம். முகத்தில் இருந்த முறைப்பு போய் விட்டது என்று சிலருக்கு வருத்தம்.

இது ரசனை விஷயம். இதில் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் அழகுக்காக ஓட்டுகிறவர் கொடுக்கும் விலை ஒன்று உண்டு. சீட் உயரம் 815 மில்லி மீட்டர். முதல் வண்டியில் இது 790 தான். குள்ளமானவர்களுக்கு சிக்னலில் கால் ஊன்ற சிரமம். ஹேண்டில் தாழ்ந்து இருப்பதால் குனிந்துதான் ஓட்ட வேண்டும். நெல்லைக்கு 50 கிலோ மீட்டருக்கு மேல் குனிந்தபடி போய் வந்தால் மணிக்கட்டும் இடுப்பும் பதில் சொல்லும். பின்சீட் உயரத்தில் தனியாக நிற்கும். அதில் அம்மாவை உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு கூட்டிப் போவது லேசு இல்லை.

இந்த குறை கம்பெனிக்கும் தெரியும். அதனால்தான் 2015-ல் ஒரே நீள சீட் வைத்த ‘ஆர்15 எஸ்’ வண்டியை விட்டார்கள். 4-வது வடிவம் வந்த 2 மாதத்தில், 2021 நவம்பரில், பழைய 3-வது வடிவத்தையே நீள சீட்டோடு 1 லட்சத்து 57 ஆயிரத்து 600 ரூபாய்க்கு மீண்டும் விட்டார்கள்.

விலை ஏன் ஏறியது?

1.25 லட்சம் எப்படி 1.67 லட்சம் ஆனது என்பதுதான் அடுத்த கேள்வி. எல்லாம் லைட்டுக்கும் பெயிண்டுக்கும் போன காசு அல்ல. 2019 ஜனவரியில் 2 சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ். பிரேக் வந்ததும் 1.39 லட்சம் ஆனது. புகை கட்டுப்பாட்டுக்கான பி.எஸ்.6 என்ஜின் 2019 டிசம்பரில் வந்ததும் 1.45 லட்சம் ஆனது. 4-வது வடிவத்தில் முன்பக்கம் தலைகீழ் போர்க், சக்கரம் வழுக்காமல் பார்க்கும் டிராக்ஷன் கண்ட்ரோல், செல்போனோடு இணையும் மீட்டர் எல்லாம் சேர்ந்தன.

எதிர் தரப்பு கேட்பதும் நியாயம்தான். 3-வது வடிவம் 19.3 குதிரைத்திறன். 4-வது வடிவம் 18.4. விலை ஏறியது, சக்தி கொஞ்சம் இறங்கி விட்டது. அந்த சக்தியும் என்ஜின் நிமிடத்துக்கு 10 ஆயிரம் சுற்று சுற்றும்போதுதான் முழுசாக கிடைக்கும். பஜார் நெரிசலில் அதற்கு வேலையே இல்லை. 2023 ஆகஸ்டில் வந்த ஹீரோ கரிஷ்மா எக்ஸ்.எம்.ஆர். 210 சி.சி., 25.5 குதிரைத்திறன். அதன் அறிமுக விலை 1 லட்சத்து 72 ஆயிரத்து 900. ‘155 சி.சி.க்கு இவ்ளோவா’ என்ற கேள்வி அதற்குப் பிறகு இன்னும் பலமானது.

2025 செப்டம்பர் 22-ந்தேதி ஒரு நல்லது நடந்தது. 350 சி.சி. வரை உள்ள இருசக்கர வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-ல் இருந்து 18 சதவீதமாக குறைந்தது. ஆர்15-க்கு 17 ஆயிரத்து 581 ரூபாய் வரை குறையும் என்று கம்பெனி அறிவித்தது. வரி 10 புள்ளி குறைந்தாலும் விலை 10 சதவீதம் குறையாது. 1 லட்சத்து 28 ஆயிரமாக இருந்தது 1 லட்சத்து 18 ஆயிரம் ஆகும். அதாவது 100-க்கு 7.80 ரூபாய்தான் குறையும்.

ஷோரூம் விலை வேறு, கை விலை வேறு

பேப்பரில் போடுவது ஷோரூம் விலை. டி.என்.79 நம்பர் ஒட்டி வீட்டுக்கு கொண்டு வரும்போது கணக்கு வேறு. ஷோரூம் விலை 1 லட்சத்து 70 ஆயிரம் என்று வைத்துக் கொள்வோம்.

* சாலை வரி: தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இருந்து 1 லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்கு 12 சதவீதம். அதாவது 20 ஆயிரத்து 400. முன்பு இருந்த 8 சதவீதம் என்றால் 13 ஆயிரத்து 600 தான்.

* இன்சூரன்ஸ்: புது வண்டிக்கு 5 வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 2018-ல் இருந்து கட்டாயம். 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி 150 சி.சி. வரை 3 ஆயிரத்து 851. அதற்கு மேல் 7 ஆயிரத்து 365. ஆர்15 155 சி.சி. என்பதால் வெறும் 5 சி.சி.க்காக பெரிய கட்டணத்தில் விழுகிறது.

இதுவரையே 1 லட்சத்து 97 ஆயிரத்து 765 ஆச்சு. சொந்த வண்டி சேதத்துக்கான இன்சூரன்ஸ், பதிவு கட்டணம் எல்லாம் சேர்ந்தால் 2 லட்சத்தை தாண்டி விடும். ஹெல்மெட் தனி.

தவணையில் இருக்கும் சூட்சுமம்

‘10 சதவீத வட்டிதான் அண்ணாச்சி’ என்று சொன்னால் உடனே தலையாட்டக் கூடாது. அது பிளாட் வட்டியா, குறையும் பாக்கிக்கு வட்டியா என்று கேட்க வேண்டும். 1 லட்சத்து 50 ஆயிரம் கடன், 3 வருடம், பிளாட் 10 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 45 ஆயிரம். மாதம் சுமார் 5 ஆயிரத்து 417 ரூபாய். நாம் மாசா மாசம் அசலை அடைத்துக் கொண்டே வந்தாலும் முழுக் கடனுக்கும் வட்டி போடுவார்கள். பாங்க் கணக்கில் பார்த்தால் இது சுமார் 18 சதவீத வட்டி!

கையெழுத்துக்கு முன்...

ஆன்ரோடு விலையை வரி, இன்சூரன்ஸ், கூடுதல் சாமான் என்று பிரித்து எழுதி வாங்குங்கள். வேண்டாத சாமானை வேண்டாம் என்று சொல்லலாம். வண்டியை ஒருமுறை பின்னால் ஆள் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். வண்டியைச் சுற்றி பிளாஸ்டிக் மூடி என்பதால் ஒருமுறை சாய்ந்தால் என்ன செலவு ஆகும் என்று தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

மகனுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் பேச்சே வேண்டாம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகன சட்டப்படி சிறுவன் வண்டி ஓட்டி பிடிபட்டால் பெற்றோருக்கு 25 ஆயிரம் ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை ஜெயில். அந்த சிறுவனுக்கு 25 வயது வரை லைசென்சும் கிடைக்காது என்பது குறிப்பிடத்தக்கது.

ஒத்தக்கண்ணா, ரெட்டைக்கண்ணா என்பதை மகன் முடிவு செய்யட்டும். 36 மாத தவணையை யார் கட்டுவது என்பதை மட்டும் ஷோரூமுக்கு போகும் முன்பே அப்பாவும் மகனும் உட்கார்ந்து பேசி முடித்து விடுவது நல்லது.