ஒரே சீராக ஏறாத விலைவாசி

குடும்பங்கள் வழக்கமாக வாங்கும் பொருள்களையும் சேவைகளையும் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் செலவில் அதற்குள்ள பங்கின்படி எடையளித்து, அத்தொகுப்பின் விலையை ஓர் அடிப்படை ஆண்டின் விலையோடு ஒப்பிட்டுக் கூறும் எண்ணே நுகர்வோர் விலைக் குறியீடு ஆகும். இந்தியாவில் 2012-ஐ 100 எனக் கொண்ட வரிசை 2023 இறுதியில் ஏறத்தாழ 186-ஐ எட்டியது. ஆண்டுக்கு 4 விழுக்காடு என்னும் பணவீக்க இலக்கு சிறிதாகத் தோன்றினாலும், உயர்வின்மேல் உயர்வு சேர்வதால் ஏறத்தாழ 18 ஆண்டுகளில் விலை இருமடங்காகிவிடும். எனினும் எல்லா விலைகளும் ஒருசேர ஏறுவதில்லை. 1995-இல் நிமிடத்துக்கு 8 ரூபாய்க்கும் மேலிருந்த கைபேசிக் கட்டணம் தொழில்நுட்பத்தாலும் போட்டியாலும் சரிய, மனித உழைப்பை இயந்திரம் எளிதில் ஈடுசெய்ய இயலாத கல்வியும் மருத்துவமும் விலையேறின. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட குறியீட்டு வரிசையில் உணவு, பானங்களின் எடை ஏறத்தாழ 46 விழுக்காடாக இருந்தது. வருமானத்தில் அதனினும் பெரும்பங்கை உணவுக்கே செலவிடும் ஏழைக் குடும்பத்தின் சுமையை, உணவு விலை மற்றவற்றைவிட வேகமாக ஏறும்போது, இந்தச் சராசரி குறைத்தே காட்டுகிறது.