இளம் பிராயமும் கால்நடை வைத்தியமும்

சிராவயல் மஞ்சுவிரட்டில், தொழுவிலிருந்து அவிழ்க்குமுன் காளைகளைக் கால்நடை வைத்தியர் சோதிப்பதை நம் நேயர்கள் கண்டிருப்பார்கள். அவ்வித்தையைக் கற்கக் காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளை 17 வயதில் சென்னைக்குப் புறப்பட்டால், "வகுப்பில் இவனே சிறியவனாயிற்றே!" என்று வீட்டார் தயங்குகின்றனர்.

தயக்கம் அன்பினால் எழுவது, ஆயினும் நியாயமன்று. அமெரிக்காவில் பெரும்பாலோர் வேறு கல்லூரிப் படிப்புக்குப் பின்னரே இக்கல்வியில் சேருகின்றனர். இந்நாட்டிலோ பள்ளிப் படிப்பு முடிந்ததும் சேரலாம். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டுமென்பதே விதி. ஆகவே, அவ்வயதை அப்போதே எட்டியவனும், பன்முறை முயன்று இடம்பெற்ற மூத்தவனும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். 1903-இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு இது புதிதன்று.

விதியைக் குறைத்துச் சிறுவரை அனுப்பும்படி நாம் கூறவில்லை. பெரிய மிருகத்தை அடக்கி நிறுத்த உடல்வலுவும் நிதானமும் வேண்டும். ஆனால் பயிற்சியுடன் ஐந்தரை ஆண்டு கற்று முடிக்கையில் அவன் 22 வயது கடந்த வாலிபனாவான். இடையில் மூத்த மாணவர் அவனை எள்ளாது துணைநிற்கட்டும். கொம்புக்கும் உதைக்கும் விலகி நிற்கும் முறையை ஆசிரியர் முதலிற் கற்பிக்கட்டும்.

பெற்றோர்களே, பிள்ளையின் வயதை எண்ணித் தடுக்காதீர்கள். நோயுற்ற பசு வைத்தியனின் பிராயத்தைக் கேட்பதில்லை.